மாமியார் வீட்டுக்குப் போன அப்பா

12-6-86, வியாழன்
காலையிலிருந்து தூறல். பி ஷிப்ட். அம்மா எங்களோடு தங்க வந்தபின், நாகரசம்பட்டியிலிருந்து அவள் தகரப்பெட்டியும் வந்தாச்சு. அடியில் துரு, ஓட்டை. துணிகளை எடுத்தபோது கீழே இரண்டு கடுதாசி. அப்பா பட்டாளத்திலிருந்து எழுதியவை, சிங்கப்பூர். எரித்துவிட்டதாகத்தான் அம்மா இத்தனை வருஷம் சொன்னாள்.

முதலாவதில்: "பெரிய மாமா வீட்டு எருமை ரெண்டும் ஏரியில் முழுகிவிட்டது." எந்த மாமா? ஏது எருமை?

அடுத்தது: "எங்கள் எல்லாருக்கும் மாமியார் வீடு நிச்சயமாகிவிட்டது. பெண் வீட்டார் குள்ளம். இனி கடுதாசி வராது."

வரவில்லை. 'காணவில்லை' என்று பட்டாளத்துக் காகிதம் மட்டும். நான் கைக்குழந்தை. அவர் அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டார் என்று அம்மா சொல்வது இதை வைத்துத்தான் போல. 'அந்தக் குள்ளச்சி' என்று நாள் தவறாமல் வசவு.

மண்ணெண்ணெய் கிடைக்கல.

15-6, ஞாயிறு
பாகலூர். கூட வேலை செய்யும் முனிராஜின் அப்பா, என் அப்பா போன அதே உலக யுத்தத்தில் இருந்தவர். கடுதாசிகளைப் படித்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"எருமை இல்லப்பா. வெள்ளைக்காரனோட பெரிய போர்க்கப்பல் ரெண்டு. ஜப்பான்காரன் குண்டு போட்டு முழுகடிச்சான். நேரா எழுதினா மேலதிகாரிங்க படிச்சிட்டுக் கிழிச்சிப் போட்டுடுவாங்க."

"மாமியார் வீடு?"

"ஜெயிலுக்கு வேற என்னன்னு சொல்லுவோம்? குள்ளன்னா ஜப்பான்காரன். பிடிபடப் போறோம்னு எழுதியிருக்காரு உங்கப்பா."

பிடித்தவர்களைக் கப்பலேற்றித் தீவுகளுக்கு அனுப்பினார்களாம். பட்டினி, காய்ச்சல். திரும்பினவர்கள் கொஞ்சம்தான்.

மோர் கொடுத்தார்கள். பஸ்ஸில் பக்கத்து ஆள் வழியெல்லாம் கன்னடத்தில் தக்காளி விலை.

16-6, திங்கள்
எந்திரத்தில் கவனம் இல்லை. ஒரு பீஸ் ரிஜெக்ட். சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன்.

வீட்டுக்காரி சரோஜாவிடம் மட்டும் சொன்னேன். "அத்தைகிட்ட சொல்லாதீங்க. இந்த வயசுல தாலிய அறுக்கச் சொல்றீங்களா?" அவள் சொல்வதும் சரி. ஆனால் இத்தனை வருஷம் கெட்டுக் கிடக்கும் அந்த மனுஷன் பேர்?

17-6, செவ்வாய்
சொல்லிவிட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எருமையிலிருந்து எல்லாம் சொன்னேன். அவள் கை நிற்கவே இல்லை.

கடைசியில்: "நான் வையறப்ப எல்லாம் அந்தாளுக்கு விக்கல் எடுக்கும்னு நெனச்சிக்குவேன். யாரு என்ன சொன்னாலும் அவன் குள்ளச்சியோட நல்லாத்தான் இருக்கான். தெரிஞ்சுதா?"

"சரிம்மா."

கடுதாசிகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஷிப்டுக்கு நேரமாச்சு. சைக்கிளை எடுக்கும்போது வாசலுக்கு வந்தாள்.

"அந்தப் பட்டாளத்துக்காரரு சொன்னாரா, தீவுல சோறு போட்டாங்களான்னு?"

"போட்டாங்களாம், அம்மா."