அம்மா ஊற்றிய தண்ணீர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நூற்றுப்பத்து ஆடுகளும் இரண்டு நாய்களும் உட்பட இங்கே எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, எல்லாம் சந்தோஷம்தான். மேற்குச் சரிவு நம் கையை விட்டுப் போகவில்லையம்மா!

போன மாதம் மேய்ச்சல் நில அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, ஆடு மேய்ந்துதான் நிலம் பாழாகிறது, சரிவு முழுவதையும் வேலி போட்டு மூடப்போகிறோம் என்று. சரிவு போனால் மந்தையை எங்கே ஓட்டுவது? உன் அம்மாவிடம் சொல்லத் தைரியமில்லாமல், மந்தையை விற்க வியாபாரியிடம் பேசிவிட்டேன். நேற்று இதற்காக நடந்த கூட்டத்தில் அந்த அலுவலக அதிகாரி படம் காட்டி விளக்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா எழுந்துவிட்டாள். "சார், நாலு வருஷமா ஒரு துண்டுக்கு வேலி போட்டு வெச்சிருக்கீங்களே, அதையும் பாருங்க, நாங்க மேய்க்கிற இடத்தையும் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றாள். அவர் கோபித்துக்கொள்வாரோ என்று நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவரோ தொப்பியை மாட்டிக்கொண்டு எங்களோடு சரிவைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். வேலிக்குள் பழைய புல் சாம்பல் நிறத்தில் காய்ந்து நின்றது, மண் ஓடுபோல் இறுகிக் கிடந்தது. அம்மா ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள், சொட்டுக்கூட உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிட்டது. பிறகு, நாம் மூன்று நாள் மந்தையை அடைத்துக் கிடை போட்டுவிட்டு மழைக்காலம் முழுக்க எட்டிப் பார்க்காமல் விட்டோமே, அங்கே ஊற்றினாள். மண் மடமடவென்று குடித்துவிட்டது! "குளம்பு பட்டு மண்ணு உடையணும், புழுக்கை விழணும், அப்புறம் புல்லுக்கு ஓய்வு குடுக்கணும் சார்" என்றாள். அவர் மண்டியிட்டு விரலால் கிளறிப் பார்த்தார், உள்ளே புது முளை. இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். "நீங்க கேக்கவே இல்லையே சார்" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். வேலி இப்போதைக்கு இல்லை. சரிவை ஐந்து பங்காகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பது, இரண்டு வருடம் பார்ப்பது என்று முடிவு. அம்மா சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார்.

இன்று காலை வியாபாரி லாரியோடு வந்து நின்றதில் என் குட்டு உடைந்தது. அம்மா லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, "மந்தைய விக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு" என்றாள். நான் பட்டிப் பக்கம் நழுவிவிட்டேன். சாயங்காலம் மெதுவாகப் பக்கத்தில் போய், முதலில் எந்தப் பங்கில் ஆட்டை விடலாம் என்று கேட்டேன். என்னை ஒரு முறை முறைத்துவிட்டுச் சிரித்துவிட்டாள். பாதிக் கோபம் இறங்கிவிட்டது, மீதியை நீதான் இறக்க வேண்டும்.

ஆகவே அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, மறந்துவிடாதே. உன் இருமலுக்கு மருந்து வாங்கிக்கொள். எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து நல்லபடியாக இரு, கண்ணு.

அம்மாவிடம் திட்டு வாங்கியும் குறையாத பெருமையோடு,
உன் அப்பா