முட்டிக்கு வந்த பிரசவ லேகியம்

என் பிரியமுள்ள ஏன்னா,

இதைத் தவிர வேற பேர் சொல்லி உங்களைக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. நீங்க கண்ணை மூடின பிறகு மட்டும் புதுசா வருமா என்ன? சமாசாரம் இதுதான்: வலது முட்டியை மாத்திண்டாச்சு. நீங்க வருஷக்கணக்கா வேண்டாம்னு தள்ளிப்போட்ட அதே ஆபரேஷன்.

"உன் உடம்பு தாங்காதுடி, முதல்ல இளைச்சுக்கோ"ம்பேள். நடக்கவே முடியாதவ எப்படி இளைப்பா? டாக்டர் எதையும் மறைக்கலை. எடை கூடினவாளுக்குப் புண் ஆற நாளாகலாம், சீழ் பிடிக்கற பயமும் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா வலி குறைஞ்சு நடக்கறதுல ஒல்லியானவாளுக்குச் சளைக்க மாட்டேள்னார். கையெழுத்துப் போட்டுட்டேன்.

புண் சமர்த்தா ஆறித்து. கெடுத்தது உங்க அக்கா. நம்ம வலியசாலை ஆத்துக்கு வந்து இறங்கின கையோட, பிள்ளை பெத்தவளுக்குப் பண்ற உபசாரத்தை ஆரம்பிச்சுட்டார். லேகியம், வேளாவேளைக்கு நெய் சாதம், கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. எனக்கும் சுகமாத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்!

பிசியோதெரபிப் பொண்ணு வந்து பார்த்தா, முட்டி கட்டை மாதிரி கிடக்கறது. "பிரசவம் அல்லல்லோ அம்மே கழிஞ்ஞது!"ன்னு, ஆனது பிரசவம் இல்லையேம்மான்னு மலையாளத்துல சொல்லித் தலையில கை வச்சுண்டா. ஏறின எடையைப் புது முட்டியும் சேர்ந்து சுமக்கணும், இப்பவே மடக்கலேன்னா மறுபடி மயக்கம் கொடுத்து மடக்க வேண்டி வரும்னா. எனக்கு அந்த மயக்கத்தை நினைச்சாத்தான் பயம். எழுந்திருக்காமலே போயிட்டா?

மடக்கினேன். நான் கத்தினது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். லேகியத்தை வேண்டாம்னதுல உங்க அக்கா சில நாள் முகம் கொடுத்துப் பேசலை. இப்போ ரெண்டு பேருமா சாயங்காலம் கோவில் வரைக்கும் நடக்கறோம். அவருக்குத்தான் மூச்சு வாங்கறது. எடையா? புடவையில ஒரு கொசுவம் கூடற அளவுக்குக் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

நடக்கறச்சே உங்க மேல கோபம் வரது. எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்தேள், தெரியும். ஆனா தினமும் தனியா நடந்துட்டு வந்து, யார் யாரைப் பார்த்தேன்னு கட்டில் ஓரமா உட்கார்ந்து சொல்வேளே. நானும் கூட வந்திருப்பேனே, ஏன்னா?

இளைக்கறேன்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். நடக்கறதை நிறுத்த மாட்டேன், அது சத்தியம். அடுத்தது இடது முட்டி. இன்னும் பார்க்காத தெரு நிறைய இருக்கு, அவசரப்பட்டு என்னைக் கூப்பிட்டுடாதேங்கோ.

இப்படிக்கு,
இன்னமும் கனமான உங்கள் ஆம்படையாள்