முப்பத்தோராம் நாளுக்குப் பின் போன மனு

இன்று காலை அலுமாரியின் அடித்தட்டைத் துப்புரவாக்கும்போது வெற்றிலையும் புகையிலையும் கலந்த மணம் எழும்பியது. யாருடைய மணம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உன் துணிப்பையில் கிடந்து ஊறிப்போன நம் மனுவின் பிரதி அங்கே இருந்தது. முதற்பக்கத்தில் நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தின் பெயர், கீழே என் பெயர், அதற்கும் கீழே உன் பெயர். நீ போய் ஏழு மாதமாகிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வழக்கம்போல அதில் ஒரு பங்கு உன்மீதும் இருந்தது.

என்னைவிட ஒரு வயது மூத்தவன் நீ. ஆனாலும் சாகும்வரை என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டாய். நான் உன்னை நீ என்றேன். இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது. ஜெயபுரத்தில் நம் வயல்களுக்கு இடையில் ஒரே ஒரு வரம்பு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து என் அப்பா காடு வெட்டிய காணி இந்தப் பக்கம். தேயிலைத் தோட்டத்தில் கலவரக்காரர் வீட்டை எரித்துத் துரத்தியபின் உன் அப்பா வந்து வெட்டிய காணி அந்தப் பக்கம். போர் துரத்த இரண்டையும் விட்டு ஓடினோம், திரும்பி வந்து இரண்டையும் மறுபடி வெட்டித் துப்புரவாக்கினோம். அதன் பிறகுதான் ஒரு திங்கட்கிழமை அரச திணைக்களம் ஒன்றின் ஆட்கள் வந்தார்கள். நாம் இல்லாத காலத்தில் வளர்ந்த மரங்களைக் காட்டி இது காடு என்றார்கள். இரண்டு வயலையும் உள்ளே விழுத்தி எல்லைக்கல் நட்டார்கள். நீ உன் காணி அனுமதிப்பத்திரத்தை நீட்டியபடி நின்றாய். ஒருவன்கூட அதைக் கையில் வாங்கவில்லை.

மறுநாளே கிளிநொச்சியில் அந்தச் சட்டத்தரணி அம்மாவிடம் போனோம். இது அடிப்படை உரிமை மீறல், இதைக் கேட்கும் அதிகாரம் அதியுயர் நீதிமன்றத்துக்கு மட்டும்தான் உண்டு, இங்கே உள்ள எந்த நீதிமன்றமும் தொட முடியாது என்று அவா விளக்கினா. நாட்டின் தலைவர் செய்த காரியத்தைக்கூட அங்கே கேள்வி கேட்கலாமாம். நீ வாய்விட்டுச் சிரித்தாய்.

"அப்ப இந்தக் கல்லப் புடுங்கச் சொல்றது அவங்களுக்குப் பெரிய வேலையாம்மா?"

"அது பெரிய வேலையில்லை ஐயா. ஆனா ஒரு மாதத்துக்குள்ள மனுப் போடவேணும். பிந்தினா அதைத்தான் முதல் பிடிப்பினம்."

ஒரு மாதம் தாராளம் என்று பேசிக்கொண்டு பஸ் ஏறினோம். மனுவை எழுதி முடிக்க அவாவுக்கு ஒரு கிழமை வேண்டியிருந்தது. கல் நட்ட ஆறாம் நாள் என் அப்பா இறந்தார்.

கொள்ளி வைத்த மகன் நான். எங்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை துடக்கு, சாவுத் தீட்டு. அதுவரை வீட்டைவிட்டு வெளிக்கிட்டு எந்தக் காரியத்தையும் தொடங்குவதில்லை, கையெழுத்து வைப்பதுமில்லை. என் பெரியப்பா அதில் அணுவும் விட்டுக்கொடுக்க மாட்டார். நானும் அவருடன் மல்லுக்கட்டவில்லை. செத்த வீடு என்றால் எந்த நீதிபதிக்கும் விளங்கும்தானே என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

சட்டத்தரணி அம்மா உன்னைத் தனியாகவே மனுப் போடச் சொன்னாவாம். நீ மாட்டேன் என்றாயாம். உங்கள் ஆட்களுக்குப் பதினாறாம் நாளோடு எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கணக்கில், அப்பாவின் பதினாறாம் நாளன்று, மனுவோடு நான் ஒப்பமிட்டுக் கொடுக்கவேண்டிய சத்தியக்கடதாசியை உன் வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டு என் வாசல் படலைக்கு வந்தாய். கையெழுத்தை உறுதிப்படுத்தச் சமாதான நீதவானைச் சந்திக் கடையில் இருத்திவிட்டு வந்திருக்கிறாய். என் வளர்ந்த தாடியைப் பார்த்தாய். பெரியப்பா உள்ளே தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்.

"அப்பா காரியத்த முடிங்கண்ணே. நம்ம சேந்தே போவோம்."

அவ்வளவுதான் சொன்னாய். பையைத் திறக்கவே இல்லை. பிறகு அந்தச் சமாதான நீதவான் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஏனடா திறக்கவில்லை? ஒரு பேனை போதுமே. தோட்டத்துத் துரைமாருக்கு உன் பாட்டன் காட்டிய மரியாதையை என் படலையிலும் கொண்டுவந்து காட்டினாயே, அதை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது. அப்படி நின்றவனை உள்ளே கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்காத என்னை நினைத்தால் அதைவிட எரிகிறது.

ஒரு மாதம் கடந்து ஏழாம் நாள் மனுவைப் பதிந்தோம். கொழும்பு புதுக்கடையில் அந்தப் பெரிய நீதிமன்றக் கட்டடத்தின் பின்வரிசை வாங்கில் வெள்ளைச் சேட்டோடு நீயும் நானும் இருந்தோம். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. அரச தரப்புச் சட்டத்தரணி எழும்பி நம் வயலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை, திகதியைத்தான் பேசினார். வர முடியாதபடி சிறையில், மறியலில் கிடந்தவனுக்குக் காலத்தைத் தளர்த்தியிருக்கிறார்களாம். சாவு வழக்கம் அப்படி வர முடியாத காரணம் அல்லவாம், அது நாமாகவே வீட்டில் இருந்த இருப்பாம். தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் மனு தள்ளுபடியாகி எல்லாம் முடிந்தது. வெளியே வந்து நீ கேட்டாய்.

"கல்லு நட்டது சரியா பிழையான்னு யாருமே கேக்கலியேண்ணே?"

இத்தனை அதிகாரமும் வைத்திருக்கிற ஒரு மன்றத்தின் வாசலில், வேறு எங்கும் போக வழியில்லாதவனுக்கு ஒரே ஒரு மாதம் என்று எழுதிவைத்தவன் யார்? அவன் வீட்டில் யாரும் சாவதில்லையா? கொழும்புக்கு நடந்துபோகும் தூரத்தில் இருப்பவனுக்கும் பூநகரி வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவனுக்கும் ஒரே அளவு நாள். இதைச் சமத்துவம் என்று யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லட்டும் பார்க்கலாம்.

அதன் பிறகு நீ வயல் பக்கம் போகவில்லை. மார்பு வலிக்கிறது என்று சொன்ன அன்றே போய்விட்டாய்.

இதற்குப் பின் நடந்தது உனக்குத் தெரியாது. உன்னைப் புதைத்த நாலாம் நாள், நீ குடியிருந்த வளவும் காட்டுக்குள்தான் என்று உன் வேலியில் அறிவித்தல் ஒட்டினார்கள். உன் மகன் கிழித்தெடுத்து என்னிடம் கொண்டுவந்தான். அம்மாவுக்கு இப்போது காட்டாதே, பதினாறு முடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை, பார்த்தாயா?

ஏழாம் நாள் காலை உன் மனைவி வெள்ளைச் சேலையோடு என் படலையைத் திறந்துகொண்டு வந்தா. துடக்கு வீட்டுப் பெண் அப்படி இன்னொரு வீட்டுக்கு வருவதில்லை. உள்ளே கூப்பிடுவதா விடுவதா என்று என் மனைவி தடுமாற, அவா தானாகவே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. கையில் அந்த அறிவித்தல்.

"அவரு ஒங்களுக்கு மரியாத பாத்தாரு. நீங்க எனக்குப் பாக்க வேணாம். எந்திரிங்கண்ணே, பஸ்ஸு போயிரும்."

எழும்பினேன். அன்று பின்னேரமே கிளிநொச்சியில் கையெழுத்து வைத்தா. பன்னிரண்டாம் நாள் மனு கொழும்பில் பதிவானது. விசாரணைக்கு எடுத்திருக்கிறார்கள். திகதி மட்டும் தள்ளித் தள்ளிப் போகிறது. வெல்லுமோ தெரியாது.

கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸின் கடைசி ஆசனத்தில், உன் மனைவி உன் பெயரைச் சொல்லிக் கத்தி அழுதா. சனம் திரும்பிப் பார்த்தது. உன்னைப் புதைத்த அன்றுகூட அவா அப்படி அழவில்லை. ஏழு நாளாக அழாமல் எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கண்டக்டர் காசு வாங்க வந்தான். அவா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கும் சேர்த்து இரண்டு ரிக்கற் எடுத்தா.