வளையத்தில் ஒட்டிய பொட்டுகள்

மார்ச் 3, 2024, ஞாயிறு

எங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லை. துப்பாக்கிக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது.

ஏர் ரைபிள் ஷா ஆலம் துப்பாக்கி சுடும் சங்கத்துக்குச் சொந்தம். லைசென்ஸ், பூட்டு, சாவி எல்லாம் அவர்களிடம். முன்பக்கம் தாங்கும் தாங்கி, பின்பக்கம் வைக்கும் பை, மேலே மாட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப், அதற்கு வெயில் மறைக்கும் குழாய், சாய்கிறதா என்று பார்க்க விரல் நீள ரசமட்டம் – இவை எங்களுடையவை. சாமி அறை அலமாரியில், என் திரி டப்பாவை ஓரம் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கின்றன.

பிழை என்னுடையதுதான். ரயில்வேயில் ஓய்வு பெற்று வந்த என் வீட்டுக்காரர் மூன்று மாதம் அடுப்படியில் நின்று சாம்பாரை மேற்பார்வை செய்தார். முருகா, இவருக்கு ஒரு பொழுதுபோக்கு கொடு என்று வேண்டினேன். என்ன பொழுதுபோக்கு என்று குறிப்பிட்டிருக்க வேண்டும்.

இப்போது ஞாயிறுதோறும் கிள்ளானிலிருந்து ஷா ஆலம். நானும் கூடப் போகிறேன். இருபத்தைந்து மீட்டர் தள்ளிக் குறி அட்டை. அவர் சுடுவார், நான் எழுதுவேன் – எந்தக் குண்டு, எந்தப் பக்கம் விலகியது, காற்றுக்கொடி எப்படி ஆடியது. மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்.

மார்ச் 10

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பின்பக்கப் பையை நான்தான் தைத்தேன். மணல் கனம் என்றார், பச்சைப்பயறு நிரப்பினேன். வெள்ளிக்கிழமை சிவராத்திரி. வீட்டில் இருந்த துணி எல்லாவற்றையும் அலசினேன். தரையில் கிடந்த பை, செருப்புக் கால் பட்டிருக்கும். அதையும் அலசி, அரை நாள் வெயிலில் போட்டேன். மேலே காய்ந்திருந்தது.

இன்று ஒவ்வொரு குண்டும் கீழே கீழே போனது. தாங்கியைத் திருகினார், ஸ்கோப்பைத் திருகினார், காற்றைத் திட்டினார். கடைசியில் சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் முகுந்தன் வந்து பையைத் தூக்கினான். உப்பிப்போய் ரைபிளின் வாலைத் தூக்கிவிட்டிருந்தது. தையல் வழியாக வெள்ளையாக முளை.

"அண்ணே, இத தாளிச்சா சுண்டல் லா!"

சங்கமே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை.

மார்ச் 11

சுண்டல் செய்யவில்லை. செருப்புக் கால் பட்டது.

ஏப்ரல் 14

புத்தாண்டு. பாயசம், வடை, கோயில்.

ஸ்கோப்புடன் வந்த புத்தகத்தை இன்று படித்து முடித்தேன். நாற்பது பக்கம், இங்கிலீஷ், பக்கத்தில் அகராதி. ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாவதோடு நின்றவளுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அவர் அதன் அட்டையைக்கூடத் திருப்பியதில்லை.

கண் வைக்கும் பக்கம் ஒரு வளையம் இருக்கிறது. வெறும் சுவரைப் பார்த்து, உள்ளே இருக்கும் சிலுவைக் கோடு கூர்மையாகும்வரை அதைத் திருப்ப வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது, கண் தானே சமாளித்துக்கொண்டு ஏமாற்றிவிடும். பார், திரும்பிக்கொள், மறுபடி பார். ஒருவர் கண்ணுக்கு ஒரு முறை வைத்தால் போதும், பிறகு மாறாது என்கிறது புத்தகம்.

இவர் வாராவாரம் அதைத் தேடுகிறார். அதனால் அவர் கண்ணுக்குக் கோடு கூர்மையான இடத்தில் என் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டேன்.

"துப்பாக்கிக்குப் பொட்டா?"

"துப்பாக்கிக்கு இல்ல. ஸ்கோப்புக்கு."

மே 5

பொட்டில் வைத்தால் மங்கலாகத் தெரிகிறதாம். சற்றுத் திருப்பிக்கொண்டார். அங்கே இரண்டாவது பொட்டு.

மே 19

மூன்றாவது பொட்டு. அதே திசையில்.

குண்டுகள் சிதறுகின்றன. மார்ச்சில் ஐந்து குண்டும் ஒரு இருபது காசு நாணயத்துக்குள் அடங்கின. இப்போது உள்ளங்கை வேண்டும். தாங்கி சரியில்லை என்று இரண்டு கால் வைத்த பைபோட் வந்தது. வெயில் கூசுகிறது என்று நீளமான குழாய் வந்தது. நேற்று புதுக் காரணம்: நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறது. கோலாலம்பூரில் கேமரா கடைக்கே போனோம். கடைக்காரர் விளக்கடித்துப் பார்த்தார்.

"பாஸ், லென்ஸ் கண்ணாடி மாதிரி இருக்கு."

லென்ஸ் வேறு எப்படி இருக்கும்? ஆனாலும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. லென்ஸ் நன்றாக இருந்தால் மங்குவது எது?

மே 22

விசாகம். பால்குடம் பார்த்தேன். வேண்டுதல் ஒன்றுதான். இந்த முறை தெளிவாகச் சொன்னேன்: அவர் குறிபார்க்கும் வலது கண்.

ஜூன் 2

சொல்லிவிட்டேன். நோட்டைத் திறந்து வைத்து, தேதி தேதியாகக் காட்டி, வளையம் ஒரே பக்கம் போகிறது, கோளாறு உங்கள் கண்ணில், ஒரு டாக்டரைப் பார்ப்போம் என்று.

"முப்பத்திரண்டு வருஷம் சிக்னல் பாத்த கண்ணு இது. பயறு முளைக்க விட்டவ எனக்கு லென்ஸ் பாடம் எடுக்கறியா?"

போகட்டும் – துப்பாக்கி சுட்டால் சுடுகிறார், சுடாவிட்டால் போகிறார். என்னை உட்காரவைத்து ஃபெடரல் ஹைவேயில நூறுல போறாரே, அதுக்கு என்ன பண்றது? யார்கிட்ட சொல்றது?

ஜூன் 9

நான்காவது பொட்டு ஒட்டியதும் முகுந்தனைக் கூப்பிட்டேன். "தம்பி, கோடு கூர்மையாத் தெரியற வரைக்கும் இத திருப்பு. பொட்டப் பாக்காத."

திருப்பினான். முதல் பொட்டில் நின்றது.

"அவன் கண்ணு கெட்டிருக்கும்," என்றார் இவர்.

பக்கத்து மேசையில் சுடும் சீனர் வந்தார். முதல் பொட்டு. அவர் மனைவி, முதல் பொட்டுக்கு ஒரு மயிரிழை தள்ளி. பதிவுப் புத்தகம் எழுதும் மலாய்க்காரப் பெண்ணும் பார்த்தாள். முதல் பொட்டு.

"நாலு பேருக்கும் ஒரே வியாதியா?" என்று கேட்டேன்.

சாமான்களைப் பைக்குள் வைத்தார், ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்து.

திரும்பும்போது மழை. பாதி வழியில் வண்டியை மெதுவாக்கினார். முன்னால் ஒரே சிவப்பு வெளிச்சம், தண்ணீரில் கரைந்து கிடந்தது.

"அது சிக்னலா, வண்டிங்களா?"

ஒன்றும் நடக்காதது மாதிரிக் கேட்டார். "வண்டிங்க, நின்னுட்டிருக்கு" என்றேன், ஒன்றும் நடக்காதது மாதிரி. கிள்ளான் வரை அப்படியே வந்தோம். அவர் ஓட்டினார், நான் பார்த்தேன்.

ஜூன் 13

கண்புரை. வலது கண்ணில் நன்றாக முற்றிவிட்டதாம். இடதில் இப்போதுதான் ஆரம்பம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தடிக்கத் தடிக்க கிட்டப்பார்வை கூடிக்கொண்டே போகும், கண்ணாடி நம்பர் நிற்காது என்றாள் டாக்டர். நான் நோட்டை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "இது யார் எழுதியது?" என்று கேட்டாள். அவர், "வீட்ல," என்றார், எங்கோ பார்த்தபடி.

புது லென்ஸ் வைக்க வேண்டுமென்றதும் மனுஷனுக்கு உயிர் வந்தது. கோட்டிங் உண்டா? எந்த நாட்டுத் தயாரிப்பு? கீறல் விழுமா? அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள். ஸ்கோப் கடையில் இவர் இதைவிட அதிகம் கேட்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது.

ஜூலை 18க்கு நாள் கொடுத்தார்கள்.

"ஆடி மாசம். ஆடியில கத்தி வைக்கக் கூடாது," என்றார்.

என் நாற்பது வருட விரதத்தைக் கேலி செய்தவர்! ஆடியில்தான் முருகனுக்குக் கிருத்திகை என்றேன். சாஸ்திரத்தில் என்னோடு மோத முடியாது.

ஜூலை 17

வெள்ளிக் கண்மலர் வாங்கிவந்தேன், அம்மன் கோயிலில் சாத்த. மேசையில் பார்த்தார்.

"ரிப்பேர் ஒரு கண்ணுதானே?"

"ஜோடியாத்தான் விக்கறாங்க."

கொஞ்ச நேரம் கழித்து வந்து, "வலி இருக்காதுன்னு டாக்டர் சொன்னா இல்ல?" என்றார். சொன்னாள் என்றேன். இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் சொன்னேன்.

ஜூலை 18

இருபது நிமிடம். நான் கந்த சஷ்டி கவசத்தை இரண்டு முறை சொல்லி முடித்திருந்தேன், மூன்றாவதில் நடுவே வரி மறந்துவிட்டது. பிளாஸ்டிக் மூடியோடு வெளியே வந்தார். முதல் வார்த்தை:

"கார்ல பைபோட்ட வெயில்ல விட்டுட்டியா?"

நல்லாயிருக்கிறார்.

ஜூலை 19

ஆடி வெள்ளி. மூடியை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நடு ஹாலில் நின்றார்.

"இந்தச் சுவருக்கு எப்ப பெயிண்ட் அடிச்ச?"

அடிக்கவில்லை. இடது கண்ணை மூடினார், திறந்தார், வலதை மூடினார். பிறகு போய் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

சாயங்காலம் கண்மலர் சாத்திவிட்டு வந்தேன். அடுப்படியில் நின்று சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுதல் பலித்தால் முழுதாகப் பலிக்கிறது.

ஆகஸ்ட் 4

ஒரு மாதம் சுடக் கூடாது. வேடிக்கை பார்க்கலாமாம், அதனால் போனோம். முகுந்தன் வண்டியில்.

"அண்ணே சுடலைன்னா என்ன, அக்கா, நீங்க உக்காருங்க லா. ஃபார்ம் ஃபில் பண்ணுங்க, நான் பக்கத்துல இருக்கேன்."

பையை இடது கையால் அழுத்தினால் குண்டு இறங்கும், தளர்த்தினால் ஏறும். பூரிமாவு பதம். வளையத்தை என் கண்ணுக்குத் திருப்பினேன் – பார், திரும்பிக்கொள், மறுபடி பார். முதல் பொட்டு எனக்குச் சரியில்லை. கைப்பையில் பச்சைப் பொட்டு இருந்தது.

ஐந்து குண்டு. நோட்டில் எழுதினேன். சுட்டது யார் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். இவர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார்.

செப்டம்பர் 1

டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டாள். அவர் வளையத்தைத் திருப்பினார். முதல் பொட்டுக்கு நெல்லளவு இப்பால் நின்றது. ஐந்து குண்டும் இருபது காசுக்குள் அடங்கவில்லை, ஐம்பது காசுக்குள் அடங்கின. "பைபோட் சரியில்ல," என்றார். அப்பாடா.

பிறகு உட்கார்ந்து மற்ற சிவப்புப் பொட்டுகளை நகத்தால் உரித்தார். பச்சையில் நகம் நின்றது.

"இது யாரு?"

நான் காற்றுக்கொடியைப் பார்த்தேன். அவர் நோட்டை எடுத்துப் பக்கம் புரட்டினார். இப்போதுதான் என் எழுத்தை உண்மையில் படிக்கிறார் போல, மெதுவாக. ஆகஸ்ட் 4ல் நின்றார். கோடு போட்ட இடம். பக்கத்தில் அளவு: இருபது காசுக்குள்.

வளையத்தைப் பச்சைப் பொட்டுக்குத் திருப்பினார். எழுந்து நாற்காலியை எனக்கு இழுத்துவிட்டு, நோட்டையும் பேனாவையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காரு. நான் எழுதறேன்."

எழுதினார். கோட்டின் மேலேயே என் பெயரை, லோகேஸ்வரி என்று முழுதாக. இன்று நான் சுட்டதற்குத் தேதியையும் காற்றையும் விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து நான் போட்டுக்கொண்டேன்.