கன்னத்து மை

பிப்ரவரி 3

கம்பெனி பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. நாளை பாப்பா பிரவீனாவுக்கு மறுபடி லேசர். பிறந்தபோதே கன்னத்தில் வந்த சிவப்பு மச்சம், இரண்டு வயதில் காது வரை இருக்கிறது. டாக்டரம்மா சொன்னது: "லேசர் ரத்தக்குழாயைச் சுட்டு மூடும். அது திரும்ப வளருது. வளராம இருக்கத்தான் இந்தக் களிம்பு. ரெண்டும் சேர்ந்தா இன்னும் வெளுக்கலாம். முழுசா போகும்னு சொல்ல மாட்டேன்." தினமும் தடவுகிறேன். வெயில் படக் கூடாதாம்.

மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "என் புள்ள ரகு முத்தம் வெச்ச எடம்டி அது. அழிச்சிட்டா நமக்கு இன்னா கீது?"

என் வீட்டுக்காரர் போய் ஆறு மாதம். ஷிப்டுக்குப் போனவர், வாலாஜாபாத் ரோட்டில் லாரி. அந்த இடம் எனக்குத் தெரியாதா? ஆனால் பாப்பா பெரியவளானால் ஊர் அவர் முத்தத்தையா பார்க்கும்?

பிப்ரவரி 4

ஆயிற்று. அத்தையும் கூட வந்திருந்தார். கண்ணுக்குக் கவசம் போட்டார்கள். நான்தான் அழுத்திப் பிடித்தேன். அப்பா, அப்பா என்றே கத்தினாள்.

பிப்ரவரி 5

தாடைப் பக்கம் கொப்புளம்.

பிப்ரவரி 6

உடைந்து நீர் வடிகிறது. களிம்புதான் வேலையைக் காட்டிவிட்டதா? நிறுத்திவிட்டேன். "நான் சொல்லல?" என்றார் அத்தை. கம்பெனி லைனில் கை ஓடவில்லை, ஒயரை மாற்றிச் சொருகி சூப்பர்வைசரிடம் திட்டு. பக்கத்தில் நிற்கும் ஜாஸ்மினிடம் சொன்னேன். "லூசாடி நீ? நீ இன்னா டாக்டரா? லீவு போட்டு புள்ளய தூக்கினு போ."

தழும்பு நின்றுவிட்டால்? முகம் சாமி அது, பொண்ணு முகம் —

பிப்ரவரி 7

டாக்டரம்மா விளக்கு வைத்துப் பார்த்தார். "களிம்பு தடவின இடமெல்லாம் நல்லா இருக்கு. இங்க மட்டும் வட்டமா வெந்திருக்கு. மை வெச்சீங்களா?"

இல்லை என்றேன். லேசர் அன்று ஏதோ கருப்பாக இருந்ததைப் பஞ்சால் துடைத்ததாக நர்ஸ் சொன்னார். கருப்பு லேசரை இழுக்குமாம். துளி ஒட்டியிருந்தாலும் சுட்டுவிடுமாம்.

திரும்பினேன். அத்தை முந்தானையை வாயில் வைத்திருந்தார். நான் சீட்டு வாங்கப் போன நேரத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்திருக்கிறார்.

பஸ்ஸில் பாப்பாவை நானே மடியில் வாங்கிக்கொண்டேன். படப்பை தாண்டியதும் அவரே சொன்னார். "அங்க எல்லாரும் புள்ளயவே பாத்தாளுங்க. அதான் வெச்சேன். அவனுக்கு ஒண்ணியும் வெக்காம அனுப்பினேன் கங்கா. போயிட்டான்."

பாப்பாவை அவர் மடிக்கு மாற்றினேன்.

பிப்ரவரி 20

பொருக்கு உதிர்ந்தது. கீழே புதுத்தோல், கொஞ்சம் வெளுப்பு. டாக்டரம்மா சரி என்றதால் இன்று மறுபடி களிம்பு. பாப்பா உதறினாள். அத்தை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார், மச்சத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி.

ஏப்ரல் 8

இன்று லேசர். அத்தையே பாப்பா முகத்தைச் சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவினார். "பாருடி, எங்கனாச்சும் கருப்பு கீதா?" இல்லை. மச்சத்தின் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது. நடுவில் உதட்டை வைத்து எடுத்து, என்னிடம் கொடுத்தார்.

உள்ளே படுக்க வைத்ததும் நர்ஸ் பாப்பாவின் சாக்ஸைக் கழற்றினார். இடது உள்ளங்காலில் கருகருவென்று, பெரிதாக ஒரு பொட்டு.

நர்ஸ் என்னைப் பார்த்தார்.

"அங்க லேசர் வராதில்ல?" என்று கேட்டேன்.

சாக்ஸை நானே திரும்ப மாட்டிவிட்டேன்.