இடப்பக்கம் பார்க்கும் பெரியப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். பெரியப்பாவைக் கடைசியாகப் பார்க்க வர முடியவில்லையே என்று போனில் அழுதாய். லீவு கொடுக்காவிட்டால் நீ என்ன செய்வாய், அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. அவர் எப்படி சினிமா நடிகர் ஆனார் என்று பிள்ளைகள் கேட்பதாகச் சொன்னாய். வரிசை இல்லாமல் எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும். ஆகவே முதலில் குறிப்பு:

1. அண்ணன் சலவைக்கடையிலிருந்து ஸ்டூடியோவுக்குப் போன விதம்.
2. அவருக்கு நான் வசனம் சொன்னது.
3. எல்லோரும் புகழ்ந்த அந்த மௌனம் எப்படி வந்தது.
4. நான் விலகிய பின் அவருக்கு என் தேவை இருக்கவில்லை என்பது.

உன் தாத்தாவின் சலவைக்கடையில், இஸ்திரிப் பெட்டிகளுக்கு நடுவில்தான் வளர்ந்தோம். அண்ணனுக்கு எழுத்து கண்ணில் நிற்காது. ஒரு வரியைப் படிப்பதற்குள் எழுத்தெல்லாம் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும் என்பார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் துணிமூட்டை தூக்கினார். நான் படித்தேன். ஸ்டூடியோ உடுப்புகள் எங்கள் கடைக்குத்தான் வரும். ஒருமுறை இஸ்திரி போட்ட வக்கீல் கோட்டை அண்ணன் கொண்டுபோனபோது, அதைப் போட வேண்டிய நடிகர் வந்து சேரவில்லை. இயக்குநர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொண்டுவந்தவனே போட்டுக்கப்பா, சுருங்காம இருக்கும்" என்றாராம். கோட்டு பொருந்தியது, வேடம் கிடைத்தது. கோட்டு நாளைக்கு வந்துடும், நான்தான் வர லேட்டாகும் என்று தாத்தாவுக்குச் சொல்லியனுப்பினார்.

அடுத்த படத்தில் பெரிய வேடம், கையில் வசனத் தாள் கொடுத்துவிட்டார்கள். அதைச் சட்டைக்குள் ஒளித்து என்னிடம் எடுத்து வந்து, "படிக்கிறது நீ, பேசுறது நான். வீட்டுக்கு ஒரு வாய் போதும்டா" என்றார். எங்கள் ஸ்டூடியோவில் படம் பிடிக்கும்போது குரல் பதிவதில்லை, பிறகுதான் தனியாகச் சேர்ப்பார்கள். அதனால் நான் கேமராவுக்கு இடப்பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வரிவரியாகச் சொல்வேன், அவர் அதை வாங்கிப் பேசுவார். என் பயந்த சுபாவம் உனக்குத் தெரியுமே, விளக்கு எரிந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். நான் எச்சில் விழுங்கி முடிக்கும்வரை அவர் லேசாக இடப்பக்கம் பார்த்தபடி காத்திருப்பார். பத்திரிகைக்காரர்கள் அதைத்தான், பேசுமுன் தன் மனதுக்குள் இறங்கிப் பார்க்கும் நடிகர் என்று எழுதினார்கள். நான் படித்துக் காட்டியதும் அண்ணன், "ஆமா, இறங்கித்தான் பார்த்தேன். அங்க நீ எச்சில் முழுங்கிட்டு உக்காந்திருந்தே" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு எனக்குக் கல்லூரி நூலகத்தில் வேலை கிடைத்தது. போகட்டுமா அண்ணா என்று கேட்டேன். இருடா என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். "மழை வர்ற மாதிரி இருக்கு, குடையை எடுத்துட்டுப் போ" என்றார், அவ்வளவுதான். அதன்பின் பெரியம்மா வசனத்தை வீட்டிலேயே படித்துக் காட்ட, இவர் மனப்பாடமாகவே போய் நடித்தார், பேரும் எடுத்தார். அந்தப் படங்கள் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. உன் அம்மா தியேட்டருக்குக் கூப்பிடும்போதெல்லாம் தலைவலி என்பேன். நல்லது கெட்டதுக்குப் போய்வந்து கொண்டுதான் இருந்தோம், ஆனால் அந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுத்ததில்லை.

அவர் போய்விட்ட செய்தி வந்தபோது சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். தைத்து முடித்து, நூலை அறுத்துவிட்டுத்தான் எழுந்தேன். இன்னும் அழவில்லை. சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது என்று அம்மா சொன்னால்தான் தெரிகிறது. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் போல இருக்கிறது எல்லாம்.

இதுவரை நேற்று எழுதி வைத்தேன். இன்று பெரியம்மாவைப் பார்க்கப் போனோம். டிவியில் அண்ணன் படம் ஓடிக்கொண்டிருந்தது, நான் விலகிய பின் வந்த படம். எழுந்து போனால் நன்றாயிராது என்று உட்கார்ந்திருந்தேன். மகளை வழியனுப்பும் காட்சி. பேசுமுன் அண்ணன் நிற்கிறார். லேசாக இடப்பக்கம் பார்க்கிறார். அண்ணி, அங்கே யார் இருந்தது என்று கேட்டேன். பெரியம்மா கண்ணாடியைத் துடைத்தபடியே, "யாரு இருந்தா? காலி ஸ்டூல்தான். அதைப் போட்டாத்தான் நடிக்கவே வருவாரு. ஒரு லைட்மேன் தெரியாம உக்காந்துட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு, எந்திரிய்யா, அது என் தம்பி எடம்னு" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார். படம் முடியும்வரை பார்த்துவிட்டு வந்தோம்.

அங்கே குளிர் என்றாய், பிள்ளைகளைக் காதை மூடாமல் வெளியே விடாதே. மாப்பிள்ளையை வண்டி மெதுவாக ஓட்டச் சொல். நீங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசி. மறக்காமல் ஒன்று செய். இதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும்போது, மேலே உள்ள நான்காவது குறிப்பை அடித்துவிடு. அது தவறு.

உன் அப்பா