ஸார்யாவும் ஓர் ஊர்தான்

என் அன்பு கலினா மச்சாளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருந்திருக்க வேண்டும். உங்கள் ஊர் வென்றுவிட்டது. யாரை என்று கேட்கிறீர்களா? எங்கள் ஊரைத்தான்.

ரஷ்யாவுக்குப் படிக்கப் போன அண்ணை உங்களைக் கட்டிக்கொண்டு வந்த நாள் முதல், சனம் உங்களிடம் கேட்ட முதல் கேள்வி ஊர் எது என்பதுதானே. "ஸார்யா" என்பீர்கள். சோவியத் காலத்தில் அரசுப் பண்ணைக்காக வெறும் புல்வெளியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக் கட்டிய மூன்று தெரு. "அதுவும் ஒரு ஊரோ?" என்று சிரிப்பார்கள். நீங்களும் கூடச் சிரிப்பீர்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சட்டிபானையைச் சத்தமாகக் கழுவுவீர்கள். எனக்குத் தெரியாதா?

நீங்கள் போனபின், புலம்பெயர்ந்த எங்கள் சனம் இங்கே கூடிய முதல் கோடை ஒன்றுகூடல் இது. வழக்கம்போல, விட்டுவந்த ஊர்களின் பெயரில் ஊருக்கு ஊர் கயிறிழுத்தல். எங்கள் ஊர் அணிக்கு அண்ணைதான் தலைவர். உங்கள் மகள் தான்யா, பெயர் பதியும் மேசைக்குப் போய், "நாங்கள் ஸார்யா" என்றாள்.

மேசையில் இருந்த செல்வராசா மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, அங்க கோயில் இருக்கோ?"

"இல்லை அங்கிள்."

"குளம்?"

"இல்லை. சேறு இருக்கு."

"பேந்து எப்பிடி அது ஊர்?"

தான்யாவின் தமிழ் உங்களுக்குத் தெரியும், பாதி வழியில் இங்கத்தைப் பள்ளிக்கூடப் பிரெஞ்சுக்குத் தாவிவிடும். அன்று தாவவில்லை. "பனி உருகேக்க பேக்கரிப் பாண் லொறி சேத்துக்குள்ள புதையும். ஒருத்தரும் கூப்பிடத் தேவையில்லை, முழுச் சனமும் கயிறோட வெளிய வரும். அதுதான் ஊர் எண்டு அம்மா சொன்னவ."

மாஸ்டர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு பேனையை எடுத்தார். பிறகு, "ஆள் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

ஆள்தான் இல்லை. அவளும் நானும் மட்டும். அண்ணை என்னை முறைத்தார், நான் கண்டுகொள்ளவில்லை. அப்போது மன்னார்க் குடும்பம் ஒன்று எழும்பி வந்தது. பனியில் புதைந்த அவர்களுடைய காரை நீங்கள் ஒருமுறை தள்ளிக் கொடுத்தீர்களாம். பின்னால் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் சென்னைக்காரர். "அக்கா, அவங்க என் காரையும் தள்ளியிருக்காங்க. என்னையும் சேத்துக்கோங்க." இப்படியே ஆள் சேர்ந்துகொண்டே போனது. நாங்கள் இருக்கும் இந்த சென்ட் லோரன்டில் நீங்கள் தள்ளாத கார் உண்டா, மச்சாள்?

எங்கள் ஊரார் சும்மா ஆட்களா? எடுத்த எடுப்பிலேயே எங்களைத் தோற்கும் கோட்டின் விளிம்புக்கே இழுத்துக் கொண்டுபோய்விட்டார்கள். அப்போதுதான் தான்யா நீங்கள் பழக்கியபடி கத்தினாள்: "ராஸ், த்வா, வ்ஸ்யாலி." ஒன்று, இரண்டு, இழு. கத்தும்போது மட்டும் இழுக்க வேண்டும், மற்ற நேரம் குதிகாலை ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். சேற்றிலிருந்து லொறியை எடுப்பது அப்படித்தானே? அவர்கள் மூச்சு விடாமல் இழுத்துக் களைத்தார்கள். நாங்கள் சாண் சாணாகக் கயிற்றை எங்கள் பக்கம் இழுத்தோம். பார்த்துக்கொண்டிருந்த சனமும் சேர்ந்து ரஷ்ய மொழியில் கத்தத் தொடங்கியது. கடைசியில் அண்ணை புல்லில் குந்திவிட்டார்.

எழும்பி, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். கோபமோ என்று நினைத்தேன்.

"உங்கட ஊரில இன்னும் ஒராளுக்கு இடமிருக்கோ, பிள்ளை?" என்று தான்யாவிடம் கேட்டார். அவள் அவரைக் கட்டிப்பிடித்தாள். நான் அழுதேன், அவ்வளவு சந்தோசம்.

மாஸ்டர் ஒலிபெருக்கியில் வென்ற ஊரின் பெயரை இரண்டு தரம் வாசித்தார். உங்களுக்குக் கேட்டதா?

கிண்ணம் மாலை போட்ட உங்கள் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பனி தொடங்கட்டும். எங்கள் தெருவில் யாருடைய கார் புதைந்தாலும், உங்களைப் போலவே கோட்டுக்குப் பொத்தான் போடாமல் முதல் ஆளாக நான் வெளியே ஓடி வருவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மச்சாள்,
ஸார்யா ஊர் பவானி